இரண்டு ஓட்டத்துக்கு நடுவே ஓர் ஆட்டம்: வாசகர் கேள்வி-பதில்

கணினி விளையாட்டுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்மாதம் பதில் சொல்பவர் சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு பேருந்து ஓட்டுநர். காலை நெரிசலுக்கு ஓர் ஓட்டம், மாலை நெரிசலுக்கு ஓர் ஓட்டம், நடுவில் கிடைக்கும் ஓய்வில் ஓர் ஆட்டம் என்று பழகியவர்.

கேள்வி: இப்போது என்னென்ன விளையாடுகிறீர்கள்? ஐம்பதைத் தாண்டியவர் உட்கார்ந்து விளையாடும் அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது?
– 'அலுத்துப்போனவன்', உட்லண்ட்ஸ்

வயதில் என்ன இருக்கிறது? காப்பிக்கடையில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் தே ஓவை ஆறவிட்டுவிட்டுக் கைப்பேசியில் மிட்டாய் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் திரை கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

இப்போதைக்குக் கையில் இருப்பவை மினி மெட்ரோ, பலாட்ரோ, ஸ்டார்டியூ வேலி, அப்புறம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. எதுவும் சுடச்சுட வந்தது இல்லை. கடைசியாகச் சொன்னது 1999இல் வந்தது. 2019இல் படங்களை மெருகேற்றி மறுபடி வெளியிட்டார்கள். துப்பாக்கி விளையாட்டுகளையும் முயன்று பார்த்ததுண்டு. முன்பின் தெரியாத பதினைந்து வயதுப் பையனிடம் சுடுபட்டு, அவனிடமே திட்டும் வாங்கிக்கொள்வதில் எனக்கு ஈடுபாடு வரவில்லை.

என் வேலை நேரம் அப்படி. காலை ஓட்டம் முடிந்ததும் சில மணி நேரம் சும்மா இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சாய்ந்தால் மாலை ஓட்டத்துக்கு எழ மனம் வராது. அதனால் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறேன். ஒரு விளையாட்டைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது என்னை எழவிடுமா என்பதுதான். படம் எப்படி, கதை எப்படி என்பதெல்லாம் அப்புறம். வண்டி எடுக்க நேரமாகிவிட்டால் அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்ப முடிய வேண்டும். மூடியதற்கு அது தண்டனை கொடுக்கக் கூடாது. 'இன்று வராவிட்டால் பரிசு போச்சு' என்று மிரட்டும் விளையாட்டு எதுவும் என் கணினியில் இல்லை. எனக்கு ஒரு மேலாளர் போதும்.

கேள்வி: நாள் முழுதும் பேருந்து ஓட்டிவிட்டு, ஓய்விலும் ரயில் ஓட்டுகிறீர்களாமே! சலிக்காதா?
– 'ஜன்னலோர இருக்கை', அங் மோ கியோ

ரயில் ஓட்டவில்லை, கோடு போடுகிறேன். மினி மெட்ரோவை உருவாக்கியவர்கள் நியூசிலாந்தைச் சேர்ந்த டைனோசர் போலோ கிளப் என்ற சிறு குழுவினர். முழு வடிவம் 2015இல் வந்தது. வெள்ளைத் தாள் மாதிரி ஒரு திரை. குறுக்கே ஓர் ஆறு. அங்கங்கே வட்டம், முக்கோணம், சதுரம் என்று நிலையங்கள் முளைக்கும். பயணிகளும் குட்டி வட்டம், குட்டி முக்கோணம்தான். முக்கோணப் பயணிக்கு ஏதாவது ஒரு முக்கோண நிலையத்துக்குப் போனால் போதும், எந்த ஊர் என்ற கவலை இல்லை. நிலையங்களை இணைத்து நாம் கோடு இழுத்தால் அதன்மேல் ரயில் ஓடும். ஆட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ரயில் தருவார்கள். கூடவே புதுத் தடம், கூடுதல் பெட்டி, ஆற்றைக் கடக்கச் சுரங்கம் போன்றவற்றில் இரண்டைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஏதாவது ஒரு நிலையத்தில் கூட்டம் தாங்க முடியாமல் போனால் ஆட்டம் முடிந்தது. எதிரி கிடையாது, வெடிகுண்டு கிடையாது. மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அதுதான் ஆபத்து.

சலிக்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. பயணிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "கால் மணி நேரமா ஒண்ணும் வரலை, இப்ப ஒரே நம்பர்ல ரெண்டு வருதே, எப்படி?" நாங்கள் சேர்ந்து தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பி வருகிறோம் என்று பலருக்கு நினைப்பு. நடப்பது வேறு. முன்னால் போகும் பேருந்து எங்கோ ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் பிந்துகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சில பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் அட்டையைத் தட்டி ஏறி முடிக்க நேரமாகும், வண்டி இன்னும் பிந்தும். அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் அதிகம். பின்னால் வருபவருக்கோ நிறுத்தமெல்லாம் காலி. அவர் நிற்க வேலையில்லாமல் வந்து முன் வண்டியின் முதுகைத் தொட்டுவிடுகிறார். யார் மேலும் குற்றமில்லை, கணக்கு அப்படி வேலை செய்கிறது.

மினி மெட்ரோவில் இதே கணக்கை மேலே இருந்து பார்க்கலாம். ஒரு வட்டத் தடத்தில் நாலு ரயில் விட்டால், தொடக்கத்தில் இடைவெளி விட்டு அழகாகப் போகும். ஒரு நிலையத்தில் கூட்டம் சேரட்டும், முதல் ரயில் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே மற்றவை வந்து பின்னால் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நாலு ரயில் இருந்தும் ஒரு ரயிலின் பயன்தான். ஓட்டுநர் இருக்கையில் இருந்து பார்த்தால் எனக்குப் பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் ஒரு புள்ளி. இங்கே மொத்தப் படமும் தெரிகிறது.

விளையாடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு யோசனை. ஒரே வடிவ நிலையங்களை வரிசையாகக் கோக்காதீர்கள். வட்டம், முக்கோணம், வட்டம், சதுரம் என்று கலந்து கோத்தால் பயணி சீக்கிரம் இறங்கிவிடுவார். இன்னொன்று, நெருக்கடி வந்தால் நேரத்தை நிறுத்திவிட்டுத் தடங்களைத் தாராளமாக மாற்றிப் போடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. நிஜத்தில் ஒரு நிறுத்தத்தை நூறு மீட்டர் தள்ளி வைத்தாலே எத்தனை பேர் கடிதம் எழுதுகிறார்கள்!

சிங்கப்பூர் வரைபடமும் அதில் உண்டு. நம் ஊர்தானே என்று இறங்கினால் லண்டனைவிட அதில்தான் சீக்கிரம் தோற்கிறேன்.

கேள்வி: என் கணவர் ஓய்வு நாளில் பலாட்ரோ என்ற சீட்டாட்டத்தில் மூழ்கிவிடுகிறார். கேட்டால் 'இதில் காசே கிடையாது' என்கிறார். நம்பலாமா?
– 'எதற்கும் கேட்டுவைக்கிறேன்', பிடோக்

நம்பலாம், அம்மா. வாங்கும்போது கொடுத்த விலையோடு சரி. உள்ளே உண்மைக் காசு வைத்து ஆட வழியில்லை, காசு கொடுத்து வாங்கப் பொருளும் இல்லை. உங்களுக்கு வந்த சந்தேகம் பெரிய இடத்திலேயே வந்ததுதான். ஐரோப்பாவில் விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் பெகி அமைப்பு, சீட்டும் சில்லும் சூதாட்டத்தைக் கற்றுத்தரும் என்று சொல்லி இதற்கு 18 என்று முத்திரை குத்தியது. மேல்முறையீடு நடந்து 2025இல் அது 12 ஆகக் குறைந்தது.

இதை எழுதியவர் கனடாக்காரர். லோக்கல்தங்க் என்ற புனைபெயரில்தான் உலவுகிறார், முகம் காட்டுவதில்லை. 2024 பிப்ரவரியில் வெளியிட்டார். எனக்குப் பிடித்த தகவல் ஒன்று: நண்பர்களோடு அவர் ஆடிய பிக் டூ என்ற சீட்டாட்டத்தில் இருந்துதான் இந்த எண்ணமே பிறந்ததாம். நம் ஊரில் அதன் பெயர் டாய் டீ! பள்ளி உணவகத்திலும் வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலும் ஆடி, யாராவது பெரியவர் வந்ததும் சீட்டைச் சட்டைக்குள் ஒளித்தோமே, அதேதான். தேசிய சேவைக் காலத்தில் படுக்கைக்கு நடுவே போர்வை விரித்து ஆடியவர்களுக்கு இதன் வாசனை உடனே தெரியும்.

ஆட்டம் இப்படி. கையில் எட்டுச் சீட்டு. அதில் ஐந்து வரை எடுத்துப் போடலாம். ஜோடிக்கு இவ்வளவு, ஒரே வகையில் ஐந்து சீட்டு போட்டால் இவ்வளவு என்று புள்ளி. உதாரணத்துக்கு, ஆர்ட்டினில் ராஜா, ஜாக், ஒன்பது, ஆறு, இரண்டு போட்டேன் என்று வையுங்கள். ஒரே வகை ஐந்துக்கு 35 புள்ளி, அதோடு சீட்டுகளின் மதிப்பு 10, 10, 9, 6, 2. ஆக 72. அதை 4ஆல் பெருக்க வேண்டும்: 288. முதல் சுற்றின் இலக்கோ 300. பன்னிரண்டு புள்ளி குறைவில் நிற்கிறது! அடுத்த கையில் ஒரு ஜோடி போட்டாலே தாண்டிவிடலாம்தான். ஆனால் 288இல் நிற்பதைப் பார்க்கும்போது பல்லைக் கடிக்கத் தோன்றும்.

இங்கேதான் ஜோக்கர் வருகிறது. மொத்தம் 150 வகை ஜோக்கர்கள். ஆட்டத்துக்குள் சம்பாதிக்கும் பொய்க்காசில் வாங்கலாம், ஐந்து வரை வைத்துக்கொள்ளலாம். இருப்பதிலேயே எளிய ஜோக்கர், பெருக்கும் எண்ணோடு 4 கூட்டும். அதே சீட்டு, இப்போது 72ஐ 8ஆல் பெருக்கினால் 576. இன்னொரு ஜோக்கர், ஒரே வகை ஐந்து வந்தால் பெருக்கும் எண்ணையே இரட்டிப்பாக்கும். இவை இரண்டையும் எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதில் சூட்சுமம். இடமிருந்து வலமாகக் கணக்குப் போடுவார்கள். முதலில் கூட்டி அப்புறம் இரட்டித்தால் 16. முதலில் இரட்டித்து அப்புறம் கூட்டினால் 12. அதாவது 1,152 புள்ளியா, 864 புள்ளியா என்பது ஜோக்கரைக் கையால் நகர்த்தி வைக்கும் இடத்தைப் பொறுத்தது. கடைசிக் கட்டத்தில் இலக்கு 100,000 என்று இருக்கும்போது இந்த ஒரு நகர்த்தலில் ஆட்டம் பிழைக்கும் அல்லது போகும். தொடக்கநிலையில் கணக்கு வாத்தியார் 'கூட்டலா, பெருக்கலா, எது முதல்?' என்று தலையில் குட்டியது இதற்காகத்தான் போலிருக்கிறது.

காசு போகாது, நேரம் போகும். எந்த நொடியில் மூடினாலும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கலாம், அந்த வகையில் நல்ல பிள்ளை. ஆனால் தோற்றதும் 'புது ஆட்டம்' என்ற பொத்தான் கண்ணெதிரே நிற்கும். உங்கள் கணவரிடம் நியாயமாகக் கேட்க வேண்டுமென்றால், 'இந்த ஆட்டம் முடிந்ததும் வாருங்கள்' என்று சொல்லாதீர்கள். 'இப்போதே வாருங்கள், அது அங்கேயே இருக்கும்' என்று சொல்லுங்கள். அவரிடம் மறுக்கக் காரணம் இருக்காது.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. கடையில் விசாரித்தால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஒன்றும் ஓடாது, இரண்டாயிரம் வெள்ளி ஆகும் என்கிறார்கள்.
– 'இருப்பதை வைத்து', புக்கிட் பாத்தோக்

ஓடும். மினி மெட்ரோ, பலாட்ரோ, ஸ்டார்டியூ வேலி மூன்றுக்கும் அலுவலகக் கணினியே தாராளம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். படத் தரத்தைக் குறைத்து வைத்தால் சமாளிக்கும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்குவதாக இருந்தால் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காசைத் திரும்பக் கேட்கலாம். அதனால் வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள். கோடையிலும் ஆண்டு இறுதியிலும் பெரிய தள்ளுபடி வரும், அவசரமில்லை என்றால் காத்திருங்கள். இரண்டாயிரம் வெள்ளிக்கு வேறு செலவு இருக்கும்.

கேள்வி: என் மகள் ஸ்டார்டியூ வேலி விளையாடுகிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் 'இப்ப நிறுத்த முடியாதும்மா, இன்னும் சேவ் ஆகலை' என்கிறாள். சோறு ஆறிப் போகிறது. உண்மையிலேயே நிறுத்த முடியாதா?
– 'ஆறிய சோறு', செங்காங்

பாதி உண்மை, பாதி சாக்கு.

தாத்தா விட்டுப்போன பாழடைந்த பண்ணைக்கு, அலுவலக வேலையை உதறிவிட்டுப் போய் விவசாயம் செய்யும் கதை அது. எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நாலு வருடத்துக்கு மேல் தனியாளாக உட்கார்ந்து, படம், இசை, எழுத்து எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்டார். 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. காலை 6 மணிக்குக் கதாபாத்திரம் எழும். நள்ளிரவு தாண்டி 2 மணிக்குள் படுக்க வேண்டும், இல்லையென்றால் மயங்கி விழும், கொஞ்சம் காசும் போகும். படுத்தால்தான் அன்றைய வேலை சேமிக்கப்படும். நடுவில் கணினியை அணைத்தால் அன்று உழுதது, தண்ணீர் ஊற்றியது, மீன் பிடித்தது எதுவும் நடக்காதது போல் ஆகிவிடும். இதுவரை உங்கள் மகள் சொல்வது சரி.

இனிமேல்தான் விஷயம். அந்த ஒரு நாள், நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். அதனால் 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று கேட்காதீர்கள். 'உன் பண்ணையில் இப்போது மணி என்ன' என்று கேளுங்கள். இரவு 10 என்றால் மூன்று நிமிடத்துக்குள் படுத்தாக வேண்டும். சோற்றைப் போட்டு வைக்கலாம். காலை 6 என்றால் குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றிவிடுங்கள். தனியாக விளையாடுகிறாள் என்றால் இன்னும் எளிது: மெனுவைத் திறந்து வைத்தால் நேரம் அப்படியே நிற்கும். கணினியை அணைக்காமல் எழுந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். தோழிகளோடு சேர்ந்து விளையாடும்போது மட்டும் மெனு நேரத்தை நிறுத்தாது.

எனக்கு இந்த விளையாட்டு ஓய்வு நாளுக்கு மட்டும்தான். பருவம் 28 நாள், பருவம் மாறினால் அறுக்காத பயிர் வாடிவிடும். கடைசி நாளில் முற்றாத முலாம்பழத்தைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டப் போவது நல்லதில்லை. எங்கள் தாழ்வாரத்தில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு இவ்வளவு கவனம் கிடைத்ததில்லை என்று மனைவி சொல்லிக்காட்டுவார்.

கேள்வி: தமிழ்க் குடும்பத்தைப் பற்றி ஒரு கணினி விளையாட்டு இருக்கிறதாமே?
– 'அம்மிக்கல்', தோ பாயோ

வெண்பா. கனடாவின் டொரான்டோவில் இருந்து விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டில் இருந்து கனடா போன வெண்பா, அவர் கணவர் பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேட்டில் அங்கங்கே எழுத்து அழிந்திருக்கும். விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் புதிர் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போகும் என்பதுதான் கேள்வி. அப்புறம் புட்டு, பிரியாணி என்று போகும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக விளையாட்டு விருது வாங்கியது.

புதிர்கள் சுலபம். சமையலறைப் பக்கமே போகாத எனக்கே சுலபம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அம்மா தமிழில் பேச, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் இடங்கள் இங்கே எந்த புளோக்கிலும் கேட்கக்கூடியவை. உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து விளையாடுங்கள். தனியாக விளையாடினால் அரைச் சுவைதான்.

கேள்வி: மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். வரலாறு என்றால் தூக்கம் வருகிறது என்கிறான். சோழர்கள் வரும் விளையாட்டு ஏதாவது உண்டா?
– 'கடாரம்', ஜூரோங் வெஸ்ட்

உங்கள் புனைபெயரிலேயே பதில் இருக்கிறது. ஊரைக் கட்டிப் படை திரட்டிப் போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்கு 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. அதில் திராவிடர் என்று ஒரு தரப்பு உண்டு, ராஜேந்திர சோழனின் போர்களை வைத்து ஒரு தொடர் ஆட்டமும் உண்டு. முதல் தடவை விறகு வெட்டும் ஆளைச் சொடுக்கியதும் தமிழில் பதில் வந்தது. ஓய்வறையில் தனியாகச் சிரித்தேன், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சக ஓட்டுநர் எழுந்துவிட்டார்.

தரப்பின் அமைப்பு யோசித்துச் செய்யப்பட்டது. இவர்களுக்கு வலுவான குதிரைப்படை கிடையாது; அதற்குப் பதில் காலாட்படை, யானை, கடற்படை. திரிசடை என்று ஒரு போர்க்கப்பல். ஊட்ஸ் எஃகு என்ற ஆய்வை முடித்துவிட்டால் எதிரியின் கவசம் பயனற்றுப் போகும். தென்னிந்தியாவில் உருக்கி உலகெங்கும் போன எஃகு அது, கற்பனை இல்லை. உறுமி வாள் வீரனை இந்தத் தரப்பு முழுவதற்கும் பொதுவாக்கியதில் எனக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு. அந்தச் சுருள்வாள் கேரளத்துக் களரியோடுதான் அதிகம் சேர்ந்தது. 'திராவிடர்' என்ற ஒரே சட்டிக்குள் எல்லாரையும் போட்டால் இப்படித்தான் ஆகும்.

மகனை விளையாடவிட்டு, அப்புறம் மெதுவாகச் சொல்லுங்கள்: 1025இல் ராஜேந்திரனின் கப்பல்கள் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கின. தஞ்சைக் கோயில் கல்வெட்டில் வரிசையாக ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. இலங்காசோகம், மாநக்கவாரம், கடாரம். மாநக்கவாரம் என்பது நிக்கோபார். கடாரம், பள்ளி விடுமுறைக்கு நாம் காரில் போய் வரும் கெடா. வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினால், 'நம்ம பக்கத்துலயா?' என்று கேட்பான். கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

2025இல் வந்த சிவிலைசேஷன் 7இலும் சோழர்கள் இருக்கிறார்கள். அங்கே அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று இரண்டு கட்டடங்கள் கட்டலாம். இரண்டுமே அந்தக் காலத்து வணிகக் குழுக்களின் பெயர்கள். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த பழைய தமிழ்க் கல்வெட்டில் மணிக்கிராமத்தார் பெயர் இருக்கிறது. அதாவது படை வருவதற்கு முன்பே வியாபாரிகள் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அரசனை மட்டும் காட்டாமல் கடைக்காரனையும் காட்டியதற்காகவே அந்த விளையாட்டின்மேல் எனக்கு மரியாதை. ஆனால் அது 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்று விடிய விடிய உட்காரவைக்கும் ரகம். தேர்வு முடியட்டும்.

கேள்வி: பேரன் ரோப்ளாக்ஸ் விளையாட்டுக்கு அட்டை வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு பாட்டி, சுவா சூ காங்

கொடுக்கலாம் பாட்டி, அட்டையாகவே கொடுங்கள். பத்து வெள்ளி அட்டை என்றால் பத்து வெள்ளியோடு முடிந்தது. யாருடைய கடன் அட்டை எண்ணையும் அந்தக் கணக்கில் பதிந்து வைக்க மட்டும் விடாதீர்கள், பதிந்துவிட்டால் பிறகு விரல் தட்டும் நேரம்தான். கொடுக்கும்போது, இந்தக் காசில் என்ன வாங்கப் போகிறான் என்று காட்டச் சொல்லுங்கள். தொப்பி, செருப்பு என்று கணினிக்குள் மாட்டிக்கொள்ளும் ஏதாவது இருக்கும். சிரிக்காமல் பாருங்கள். அடுத்த தடவை அவனே யோசித்துக் கேட்பான்.

பெரிய பேரப்பிள்ளைகள் கடையில் விளையாட்டுப் பெட்டி வாங்கினால் பெட்டியின் மேலுள்ள முத்திரையைப் பாருங்கள். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடு 2008 முதல் இருக்கிறது. எம்18 என்றால் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. ஏடிவி16 என்பது 16க்கு மேல் நல்லது என்ற ஆலோசனை.

கேள்வி: ஓய்வுபெற்ற அப்பாவுக்குச் சதுரங்கத்தில் ஆர்வம். கணினியில் எதில் தொடங்கலாம்?
– 'ஒற்றைக் குதிரை', பொங்கோல்

லீசெஸ் என்ற இணையத்தளம். இலவசம், விளம்பரமும் கிடையாது. கணினியோடு ஆட எட்டு நிலைகள் உண்டு, முதல் நிலையில் தொடங்கட்டும். மனிதர்களோடு ஆடினால் ஆளுக்குப் பத்து நிமிடமாவது இருக்கும் ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிட ஆட்டம் இளைஞர்களின் விரலுக்கு. அப்பாவுக்கு உற்சாகம் வேண்டுமென்றால் 2024 டிசம்பரில் நம் செந்தோசாவில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக வெற்றியாளர் ஆனாரே, அந்தப் பதினாலாவது ஆட்டத்தை லீசெஸில் நகர்த்தி நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். சமனில் முடியும் போலத் தெரிந்த ஆட்டம், எதிர்த்து ஆடிய டிங் லிரென் யானையை நகர்த்திய ஒரே நகர்த்தலில் திரும்பிவிட்டது.

கேள்வி: சிங்கப்பூரில் உருவான விளையாட்டு எதையும் நீங்கள் விளையாடுவதில்லையா?
– 'உள்ளூர்க்காரன்', ஈசூன்

ஏன் இல்லை? கேட் குவெஸ்ட் வரிசை ஜென்டில்ப்ரோஸ் என்ற உள்ளூர்க் குழுவின் வேலை. பூனைகள் வாளும் மந்திரமுமாக ஊர் சுற்றும் சாகசம். முதலாவது 2017இல், இரண்டாவது 2019இல், கடற்கொள்ளைப் பூனைகளோடு மூன்றாவது 2024இல் வந்தன. சண்டை எளிது, வண்ணம் கண்ணை உறுத்தாது, ஐந்து நிமிடம் கிடைத்தால் ஒரு குகையை முடித்துவிட்டு மூடலாம். என் வேலைக்கு அளவெடுத்துத் தைத்தது.

நீங்கள் இரண்டாவதில் தொடங்குங்கள். அதில் ஒரு பூனை, ஒரு நாய், இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து விளையாடலாம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவில் அதுதான் ஓடுகிறது. மனைவி நாய், நான் பூனை. அவர் யோசிக்காமல் முன்னால் பாய்வார், நான் தள்ளி நின்று மந்திரம் போடுவேன். ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவர் பக்கத்தில் வந்து நின்று எழுப்ப வேண்டும். பெரும்பாலும் விழுவது நான்தான். அவர் அங்கே சிதறிக் கிடக்கும் பொற்காசை எல்லாம் பொறுக்கி முடித்துவிட்டுத்தான் என்னை எழுப்ப வருகிறார்.